முப்பத்தைந்தாயிரம் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவார்களாம், கொடுக்கலாமா?

கேள்வி: நான் கூட்டுறவு வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். திண்டுக்கல் மாவட்டத்தில் வசிக்கிறேன். மத்திய வரியில் தமிழகத்தின் பங்கு எவ்வளவு என்பது பற்றி, முகநூலில் ‘உழவன் மகன்’ என்ற பெயரில் எழுதும் முன்பின் அறியாத ஒருவருடன் சென்ற மாதம் மூன்று நாட்கள் விவாதித்தேன். அவர் என்னை முட்டாள் என்றார். கோபத்தில் நான், “நீ கட்சியிடம் மாதச் சம்பளம் வாங்கும் கூலி, உன் மேல் ஏற்கெனவே பணமோசடி வழக்கு இருக்கிறது” என்று எழுதிவிட்டேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. நான்கு நாட்கள் கழித்து, சைபர் குற்றப்பிரிவின் முத்திரை போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ, இந்திய தண்டனைச் சட்டம் 500 ஆகிய பிரிவுகளில் என் மீது நடவடிக்கை என்றும், 48 மணி நேரத்துக்குள் ஆஜராகாவிட்டால் கைது என்றும் அதில் இருக்கிறது. அன்று மாலையே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஸ்டேஷனில் தனக்குச் செல்வாக்கு உண்டு என்றும் முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறவைப்பதாகவும் சொன்னார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா? எழுதியதையெல்லாம் அழித்துவிடலாமா?

பதில்: ஐயா, பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் எதுவும் அனுப்பியிருந்தால், இதை மேற்கொண்டு படிப்பதற்கு முன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கை மாறுவதற்கு முன் தடுத்து நிறுத்துவதற்குச் சில மணி நேரமே கிடைக்கும்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். 66ஏ என்ற பிரிவு உயிரோடு இல்லை. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று கூறி உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக நீக்கிவிட்டது. ‘எரிச்சலூட்டும்’ செய்தி அனுப்பினால் மூன்றாண்டு சிறை என்று சொன்ன பிரிவு அது. புதுச்சேரியில் சிறுதொழில் நடத்திய ஒருவரை, 2012-இல் ஒரேயொரு ட்விட்டர் பதிவுக்காக விடியற்காலையில் கைது செய்து கூட்டிச் சென்றது இந்தப் பிரிவின் கீழ்தான். கடிதத்தில் உள்ள மற்றொரு பிரிவான 500 அடங்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. அவதூறு இப்போது அதன் 356-ஆவது பிரிவில் இருக்கிறது. உங்கள் சச்சரவு சென்ற மாதம் நடந்தது. அதற்குப் பழைய சட்டத்தில் நடவடிக்கை எடுக்கவே முடியாது. ஆக, கடிதத்தைத் தயாரித்தவர் பத்தாண்டுக்கு முந்தைய மாதிரி ஒன்றை எடுத்து உங்கள் பெயரைச் செருகியிருக்கிறார்.

இறந்துபோன பிரிவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கடிதம் போலி என்று நான் அடித்துச் சொல்லிவிடலாம் என்றால், சொல்ல முடியாத நிலையில்தான் நம் அமைப்பு இருக்கிறது. தீர்ப்பு வந்து ஆறாண்டுகள் கழித்தும், அந்தப் பிரிவின் கீழ் 11 மாநிலங்களின் மாவட்ட நீதிமன்றங்களில் 745 வழக்குகள் நிலுவையில் இருப்பதாக 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. அதிர்ந்துபோன நீதிமன்றம், இனி யார் மீதும் அப்பிரிவில் வழக்குத் தொடரக் கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் ஒருமுறை உத்தரவிட வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் ஒரு சட்டத்தைக் கொன்ற செய்தி காவல் நிலையத்தின் எழுத்தர் மேசைக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று என்னைக் கேட்டால், முப்பதாண்டு வக்கீல் தொழிலுக்குப் பிறகும் என்னிடம் விடை இல்லை.

எனவே வேறு இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். விசாரணைக்கு வரச்சொல்லிக் காவல்துறை தரும் அறிவிப்பு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் வர வேண்டும். அதை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பினால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காவலர் உங்கள் வீட்டுக்கு நேரில் வந்து தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்தது முதல் தகவல் அறிக்கையின் எண். உங்கள் கேள்வியில் அப்படி எண் எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தில் அது இருக்காது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அவதூறு என்பது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட்டு ஆளைப் பிடிக்கும் குற்றமே அல்ல. பாதிக்கப்பட்டவர் நடுவர் நீதிமன்றத்துக்குத் தாமே போய்த் தனிப்புகார் கொடுக்க வேண்டும். அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் முன்பே உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவு சொல்கிறது. குற்றமும் பிணையில் விடத்தக்கது. ஆகவே 48 மணி நேரத்தில் கைது என்பது வெறும் பூச்சாண்டி.

உங்களை அழைத்த அந்தச் செல்வாக்குக்காரரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களை அவதூறு வழக்கைவிட இந்த மனிதர்கள்தான் அதிகம் அழித்திருக்கிறார்கள். இவர்களில் சிலர் புகார் கொடுத்தவரின் கூட்டாளிகள். சிலர் உண்மையிலேயே காவல் நிலைய வாசலில் காலையிலிருந்து நின்றுகொண்டு, உள்ளே வரும் மனுக்களைப் பற்றிய சேதியை விற்றுப் பிழைப்பவர்கள். முதலில் ஒரு தொகை, பிறகு எஸ்.ஐ.க்கு, பிறகு ரைட்டருக்கு, கடைசியில் எதிராளியின் மனத்தை மாற்ற என்று தவணை நீண்டுகொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். ‘சமரசப் பத்திரம்’ என்று தலைப்பிட்ட அந்தத் தாளில், தடுப்பூசி பற்றிய வாக்குவாதத்தில் தாம் வேண்டுமென்றே பொய்யான அவதூறு பரப்பியதை ஒப்புக்கொள்வதாகவும் எதிராளிக்கு ஏற்பட்ட மானநஷ்டத்தைத் தாம் அறிவதாகவும் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதற்காக அவர் இருபதாயிரம் ரூபாயும் கொடுத்திருந்தார்! எதிராளியிடம் அதுவரை ஒரு சான்றும் இல்லை. இவர்தான் பணம் கொடுத்து ஒரு சான்றைத் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். மன்னிப்புக் கடிதம், வருத்தக் கடிதம், ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று எந்தப் பெயரில் வந்தாலும், உங்களுக்காக ஆஜராகும் வழக்கறிஞர் படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். மகளின் வரன் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அந்தக் கவலையைத்தான் இவர்கள் விலை பேசுகிறார்கள்.

என் சொந்தத் தொழிலையும் விட்டுவைக்கக் கூடாது. நாளை உங்களுக்கு ஒரு கோடி ரூபாய் மானநஷ்டம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வரலாம். நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அன்று; அதை அனுப்ப ஒரு லெட்டர்பேடும் பதிவுத் தபாலுக்கான காசும் போதும். ஆனால் அந்த ஒரு கோடியைக் கேட்டு வழக்குப் போட வேண்டுமானால், தமிழ்நாட்டில் 3 விழுக்காடு, அதாவது மூன்று லட்சம் ரூபாய், நீதிமன்றக் கட்டணமாகக் கட்ட வேண்டும். அதையும் எழுத்து வெளியான ஓராண்டுக்குள் போட வேண்டும். நோட்டீஸில் கோடிகளும் வழக்குப் பட்டியலில் வெறுமையும் இருப்பதற்கு இதுவே காரணம். நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்புங்கள், நடுங்கவேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் நீங்கள் எழுதியது சரியென்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். உங்கள் வாக்கியத்தில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. ‘கூலி’ என்பது வசவு; அரசியல் விவாதத்தில் வாயிலிருந்து உதிரும் மட்டமான சொல், அவ்வளவுதான். ‘உன் மேல் பணமோசடி வழக்கு இருக்கிறது’ என்பது வேறு வகை. அது ஒரு மனிதரைப் பற்றிய செய்தி. அறிவியலோ பொருளாதாரமோ அரசியலோ, எந்த விவாதத்திலும் சட்டம் பார்க்கும் கோடு இங்கேதான் விழுகிறது. புற்றுநோயைக் கஷாயம் தீர்க்கும் என்று எழுதுபவரிடம், அதற்கு ஆய்வுச் சான்று ஏதுமில்லை என்றும், அப்படி விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மாய நிவாரணச் சட்டம் தடை செய்கிறது என்றும் நீங்கள் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதலாம். “இந்த ஆள் கொடுத்த மருந்தால் மூன்று பேர் செத்தார்கள்” என்று எழுதினால், அந்த மூன்று பேர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் உங்களைத்தான் நோக்கி வரும்.

இந்த இடத்தில் எல்லோரும் என்னிடம் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: “சார், உண்மையைத்தானே எழுதினேன்.” அவதூறுச் சட்டத்தின் முதல் விதிவிலக்கை அரைகுறையாகக் கேள்விப்பட்டதன் விளைவு இது. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது; அதை வெளியிடுவது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்பதே அந்த விதிவிலக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு, இரண்டையும் நிரூபிக்க வேண்டியவரும் எழுதியவரே. உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் ஒருவர் மீது பணமோசடி வழக்கு நிலுவையில் இருந்து, அதை வழக்கு எண்ணோடு வாக்காளர் அறிய எழுதினால், பொது நன்மை கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பத்தாண்டுக்கு முன் ஒரு சீட்டு வழக்கில் சிக்கி விடுதலையானவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்து, வரிப் பகிர்வு பற்றிய வாக்குவாதத்தில் அவர் வாயை அடைப்பதற்காக அதை எடுத்து வீசினால், சொன்னது உண்மையே ஆனாலும் பொது நன்மை எங்கே என்று நடுவர் கேட்பார். வாதத்தில் ஜெயிப்பது பொது நன்மை ஆகாது. உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வரும் வழக்கில் உண்மை ஒன்றே முழுப் பாதுகாப்பு. குற்றவியல் வழக்கில் அப்படி இல்லை. உங்கள் விஷயத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை, ஏனெனில் வழக்கு உண்டா இல்லையா என்பது உங்களுக்கே தெரியாது.

ஆயினும் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. அவதூறு என்றால் அடையாளம் காணத்தக்க ஒரு மனிதரின் நற்பெயர் கெட வேண்டும். ‘உழவன் மகன்’ யாரென்று படித்தவர்களுக்குத் தெரியாது என்றால், யாருடைய பெயர் கெட்டது? அவர் முதலில் முகமூடியைக் கழற்றி, சொந்தப் பெயரில் நீதிமன்றம் ஏறி, அந்தப் புனைபெயரில் எழுதுவது தாம்தான் என்பது தம் சுற்றத்தாருக்கு முன்பே தெரியும் என்று காட்ட வேண்டும். புனைபெயரில் ஊரையே ஏசிப் பழகியவர்கள் பெரும்பாலும் அந்தப் படியேறுவதில்லை. எதிராளி பெண்ணாக இருந்து அவருடைய பெண்மையை இழிவுபடுத்தும் சொல் இருந்தாலோ, சாதியைக் குறிப்பிட்டு ஏசியிருந்தாலோ என் பதில் முற்றிலும் வேறாக இருக்கும்; அங்கே காவல்துறை நேரடியாக வரலாம். பிறர் எழுதியதை வெறுமனே பகிர்ந்தேன் என்ற வாதமும் எடுபடாது என்பதைப் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய இழிவான பதிவு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது.

அழிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முழு உரையாடலையும், அவர் உங்களை முட்டாள் என்றது உட்பட, தேதியும் நேரமும் தெரியும்படி முதலில் படமெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் கடிதத்தையும் அழைப்பு வந்த எண்ணையும் சேர்த்து வையுங்கள். அந்த ஃபோனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். பிறகு பணமோசடி பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு, அது ஆதாரமில்லாமல் எழுதியது, திரும்பப் பெறுகிறேன் என்று அதே இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள். இது முத்திரைத்தாளில் தரும் வாக்குமூலம் அன்று. நீங்களாகத் தவறைத் திருத்திக்கொண்டதற்கான அடையாளம். நீதிமன்றச் சம்மன் வந்த பிறகு இப்படிக் கைவைத்தால் சான்றை அழித்ததாகக் குற்றம் சுமத்தக்கூடும். ஆகவே இப்போதே செய்யுங்கள். பிறகு அந்தக் கடிதத்தின் அச்சுப்படியுடன் மாவட்ட சைபர் குற்றப்பிரிவுக்கு நேரில் போய், அரசு முத்திரையைப் போலியாகப் போட்டு மிரட்டிப் பணம் கேட்டதாக நீங்களே புகார் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ‘அப்புறம் வாங்க’ என்பார்கள். ரசீது கைக்கு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருங்கள், எனக்கும் அதைத் தவிர வேறு உபாயம் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. நீங்கள் இணைத்து அனுப்பிய உரையாடலைப் படித்தேன். மத்திய அரசு வசூலிக்கும் வரி முழுவதிலும் 41 விழுக்காடு மாநிலங்களுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சண்டை தொடங்கியது அந்த வாக்கியத்தில்தான். 15-ஆவது நிதி ஆணையம் சொன்ன 41 விழுக்காடு, பகிர்ந்தளிக்கத்தக்க தொகுப்புக்கு மட்டுமே பொருந்தும். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் வசூலிக்கும் கூடுதல் வரிகள் இரண்டும் அதற்குள் வருவதில்லை. 2021–26 காலத்துக்குத் தமிழகத்தின் 4.079 விழுக்காடும் அந்த 41-க்குள் உள்ள பங்குதான். அதைச் சுட்டிக்காட்டியதில் ‘உழவன் மகன்’ சொன்னது சரி. மேலே சொன்ன அந்தத் திருத்தத்தோடு இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.