பசுமைக்குடிலில் கொழுத்த கோஸ் நாற்று உறைபனியில் ஏன் கருகியது?

கேள்வி: ஊட்டிக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கு நிலத்தில் மலைக்காய்கறி செய்கிறேன். டிசம்பர் கடைசியில் சமவெளி நர்சரி ஒன்றிலிருந்து முட்டைகோஸ் குழித்தட்டு நாற்று வாங்கிவந்து மறுநாளே நட்டேன். நல்ல பச்சை, நல்ல உயரம். மூன்றாம் நாள் விழுந்த உறைபனியில் பாதிக்கு மேல் கருகிவிட்டது. அதே ரகத்தைத் தன் பாத்தியிலேயே விதைத்து வளர்த்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு ஒரு சேதமும் இல்லை. எனக்கு வந்தது போலி விதையா? அடுத்து உருளைக்கிழங்கு போடலாம் என்றிருக்கிறேன், அதையும் இப்படிக் காப்பாற்ற முடியுமா?

பதில்: விதை மேல் பழி போட வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு வயலிலும் இருந்தது ஒரே மரபணுக்கள்தான். அவர் நாற்றில் அவை விழித்திருந்தன, உங்கள் நாற்றில் தூங்கிக்கொண்டிருந்தன.

கோஸ் பிறவியிலேயே குளிர் தாங்கும் பயிர் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. தாங்கும் திறமை அதற்குள் இருக்கிறது, ஆனால் உறையாத குளிர் சில நாட்கள் பட்ட பிறகுதான் அது வெளியே வரும். ஐரோப்பாவில் விளையும் ரை என்ற தானியம் ஒன்று உண்டு. குளிர் பழகாத ரை மைனஸ் 5 டிகிரியிலேயே செத்துப்போகும். பழகிய ரை மைனஸ் 30 வரை தாங்கும். அதே செடி, அதே விதை.

உள்ளே நடப்பதைச் சமையலறையிலிருந்தே சொல்லிவிடலாம். மார்கழியில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடுகிறது, பக்கத்தில் நல்லெண்ணெய் இளகியே இருக்கிறது. செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளிர் பட்டதும் அது விறைக்கிறது. அந்த விறைப்பே செடிக்கு முதல் தகவல். உடனே செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, அதன் தொடர்ச்சியாக சிபிஎஃப் என்ற மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. 4 டிகிரி குளிரில் வைத்தால் 15 நிமிடத்துக்குள் இவை விழித்துவிடுவதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாமஷோவின் குழு 1998-இல் காட்டியது. அவர்கள் ஆராய்ந்த அராபிடாப்சிஸ் ஒரு சின்னக் களைச்செடி. கடுகுக் குடும்பம், அதாவது உங்கள் கோஸுக்குப் பங்காளி.

சிபிஎஃப் தானே எந்த வேலையும் செய்வதில்லை. அது மேஸ்திரி. அது கூப்பிட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் வேலைக்கு வருகின்றன. சில சர்க்கரையைச் சேர்க்கின்றன, சில சவ்வைத் தாங்கிப்பிடிக்கும் புரதங்களை உண்டாக்குகின்றன. குளிரில் செடி தன் சவ்வுக் கொழுப்பையும் மாற்றிக்கொள்கிறது, தேங்காயெண்ணெய்த் தன்மையிலிருந்து நல்லெண்ணெய்த் தன்மைக்கு. மேஸ்திரி கால்மணி நேரத்தில் எழுந்தாலும் வேலை முடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உங்கள் நாற்றுக்குக் கிடைத்தது மூன்றே நாள், அதுவும் வேர் பிடிக்காத நிலையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உறைபனியில் பனிக்கட்டி முதலில் செல்லுக்குள் உண்டாவதில்லை, செல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியில்தான் உண்டாகிறது. அது செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. ஆக, உறைபனியில் சாகும் செடி ஒருவகையில் காய்ந்து சாகிறது. அதனால்தான் வறட்சிக்கும் குளிருக்கும் செடி எழுப்பும் மரபணுக்களில் பல பொதுவானவை. நாற்றுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வளர்க்கும் பழைய வழக்கத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது.

அண்ணனின் நாற்று குட்டையாக, தடித்த இலையோடு, அடிப்பக்கம் லேசாக ஊதா ஓடி இருந்திருக்கும். யோசித்துப் பாருங்கள். சிபிஎஃப் இயங்கினால் வளர்ச்சி குறையும். ஆய்வகத்தில் அதை எப்போதும் இயங்கும்படி செய்த செடிகள் உறைபனியைத் தாங்கின, ஆனால் குள்ளமாக நின்றுவிட்டன. நாம் நர்சரியில் பார்த்து ஆசைப்படும் அந்தப் பளபளப் பச்சை, குளிரே அறியாத நாற்றின் அடையாளம்.

சரி, அடுத்த முறை என்ன செய்வது? நாற்று வந்ததும் நடாதீர்கள். பத்து நாள் உங்கள் தோட்டத்திலேயே தட்டோடு வையுங்கள். முதல் இரண்டு நாள் நிழல்வலைக்குக் கீழே, அப்புறம் திறந்த வெளியில். இரவு 4 முதல் 8 டிகிரி வரை பட்டால் மிக நல்லது. பூஜ்யத்துக்குப் போகும் என்று தெரிந்தால் அன்று மட்டும் சாக்கோ துணியோ போட்டு மூடுங்கள். இந்தப் பத்து நாளும் யூரியா வேண்டாம், தண்ணீர் வாடாத அளவுக்குப் போதும். இடையில் பாவம் பார்த்துச் சூடான குடிலுக்குள் கொண்டுபோனால் பட்ட பாடு வீணாகிவிடும். வெப்பம் கிடைத்ததும் சிபிஎஃப் சீக்கிரமே அடங்கிவிடும், ஓரிரு நாளில் தாங்கும் சக்தி இறங்கத் தொடங்கும்.

அதற்காக மாதக்கணக்கில் குளிரில் போட்டு வைக்கவும் கூடாது. கோஸுக்கு எஃப்எல்சி என்ற வேறொரு மரபணு பூக்காமல் பிடித்துவைக்கும் பிரேக்காக இருக்கிறது. தண்டு பென்சில் பருமனைத் தாண்டிய நாற்று 10 டிகிரிக்குக் கீழே பல வாரம் இருந்தால் அந்த பிரேக் அணைந்துவிடும். பிறகு தலை கட்டுவதற்குப் பதில் பூந்தண்டு ஓடிவிடும். எனவே நான்கு, ஐந்து இலை நாற்றை, பத்து நாள் பழக்கி, நட்டுவிடுங்கள்.

உருளைக்கிழங்குக்கு வருவோம். இந்த வழி அதற்கு உதவாது, நம்பி இறங்காதீர்கள். உருளை, தக்காளி இரண்டுக்குமே சிபிஎஃப் இருக்கிறது. தக்காளியின் சிபிஎஃப் மரபணுவை அராபிடாப்சிஸுக்குள் வைத்துப் பார்த்தார்கள், அந்தச் செடி உறைபனியைத் தாங்கியது. தக்காளியிலேயே அதைக் கூடுதலாக இயக்கிப் பார்த்தபோது எந்தப் பலனும் இல்லை. மேஸ்திரி சத்தமாகக் கூப்பிடுகிறார், வருவதற்கு ஆள் போதவில்லை. நாம் பயிரிடும் உருளையையும் குளிரில் பழக்கி உறைபனிக்குத் தயாராக்க முடியாது. தென் அமெரிக்காவில் இருக்கும் சொலானம் கமர்சோனி என்ற காட்டு உருளையால் அது முடிகிறது. நம் ரகங்களுக்கு மூடாக்கும், நிலத் தேர்வும்தான் காவல். பீன்ஸுக்கும் அப்படியே. குளிர்காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் நிலத்திலேயே மேட்டுப் பாத்தி ஒன்றிருந்தால் உருளையை அங்கே போடுங்கள், பள்ளத்தைக் கோஸுக்கும் கேரட்டுக்கும் விடுங்கள்.

மேகமும் காற்றும் இல்லாத மாலையில் மண்ணை நனைத்துவிடுங்கள். ஈர மண் பகல் சூட்டை அதிகம் பிடித்துவைத்து இரவில் விடும். ஸ்பிரிங்ளர் ஓட்டுவதானால் இலையில் பனிக்கட்டி முழுவதும் உருகும்வரை ஓட்டுங்கள். பாதியில் நிறுத்தினால் ஆவியாகும் தண்ணீர் இலையை இன்னும் குளிரவைத்துச் சேதத்தைக் கூட்டிவிடும்.

இப்போது வயலில் நிற்பவற்றை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். வெளி இலை நீர்கோத்துக் கறுத்திருந்தாலும் நடுவிலுள்ள குருத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். வெளிர்ப்பச்சையாக, விறைப்பாக இருந்தால் அது பிழைக்கும். ஒரு வாரம் பொறுங்கள். குருத்தும் கொழகொழவென்று ஆகிவிட்டவற்றை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பழக்கிய நாற்றை நடுங்கள். பக்கத்து அண்ணனிடம் மிச்ச நாற்று இருந்தால் இப்போதே கேட்டு வையுங்கள்.