ஒரே அளவு மது பெண்களை ஏன் அதிகம் பாதிக்கிறது?

‘வீட்டுக்காரர் குடிக்கிற அதே அளவுதான், எனக்கு மட்டும் ஏன் சீக்கிரம் ஏறுது?’ என்பது கேள்வி.

போதை என்பது ரத்தத்தில் ஆல்கஹால் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதுதான். அது உடம்பிலுள்ள நீரில் கரையும். பெண்கள் உடலில் பொதுவாக நீரின் பங்கு குறைவு. வியாசர்பாடியில் லாரித் தண்ணீர் பிடித்து, முழுக் குடத்திலும் அரைக் குடத்திலும் ஒரே கைப்பிடி உப்பைப் போட்டால் எது அதிகம் கரிக்கும்? அதேதான். எடை சமமாக இருந்தாலும் இந்த வித்தியாசம் உண்டு.

சரி, போதையாவது மறுநாள் தெளியும். கல்லீரல் அப்படியில்லை, பெண்களுக்குக் குறைந்த அளவிலேயே, குறைந்த வருடங்களிலேயே கெடும். ஆல்கஹால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் கூட்டுவதால், கொஞ்சமாகக் குடித்தாலும் மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறுகிறது.

‘பீர்தானே’ என்பார்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டிலில் சுமார் 52 மில்லி ஆல்கஹால்; பிராந்தியில் 60 மில்லி பெக் இரண்டில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவே.