அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மா நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு ஐப்பசியில் அறுபது பூர்த்தியாகிறது. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தம்பி, மண்டபம் பிடித்து 500 பேருக்குச் சாப்பாடு போட்டு ஊர் மெச்சச் செய்ய வேண்டும் என்கிறான். இலைக்கு 350 ரூபாய் கேட்கிறார் சமையல்காரர். எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும். கையில் 1 லட்சம்தான் இருக்கிறது. மீதிக்கு அம்மா நகையை வைத்துவிட்டு, வருகிற மொய்யில் திருப்பிவிடலாம் என்பது அவன் கணக்கு. அப்பாவோ, ‘எதுக்குடா வெட்டிச் செலவு’ என்கிறார். இந்தச் செலவு தகுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: விழாவைச் செய்யுங்கள். நகையை மட்டும் வைக்காதீர்கள்.

அப்பா வேண்டாம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுமோ என்றுதான் பெரும்பாலான அப்பாக்கள் அப்படிச் சொல்கிறார்கள். அவருடைய அக்கா தங்கைகள், மில்லில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள், பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கடைசியாக எப்போது ஒன்றாகக் கூடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பல குடும்பங்களில் அது ஒரு துக்க வீடாகத்தான் இருக்கும். அவர் நல்லபடியாக நடமாடும்போது அவர்களை ஒரே பந்தியில் உட்கார வைப்பதற்குச் செலவழிக்கும் பணம் வீண் இல்லை.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர், மணமானவர்கள் 3,000 பேருக்கு மேல் விசாரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். கல்யாணச் செலவு மிக அதிகமான இடங்களில் மணவாழ்க்கை நீடிப்பது குறைவாகவும், வந்தவர்கள் அதிகமாக இருந்த இடங்களில் நீடிப்பது அதிகமாகவும் தெரிந்தது. அந்த ஊர்க் கல்யாணக் கணக்கு நம் அறுபதுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் ஆள் வேறு, ஆடம்பரம் வேறு என்று பிரித்துப் பார்க்க அது உதவும். அந்த 500 பேர் பட்டியலை அப்பா கையில் கொடுத்து, ‘யார் வரலைன்னா உங்களுக்கு மனசு கஷ்டப்படும்?’ என்று கேளுங்கள். 150 பெயர் தேறலாம். 150 இலைக்கு 52,500 ரூபாய். 500 இலைக்கு 1,75,000.

இனி மொய். உங்கள் தம்பியின் கணக்கு சறுக்குவது இங்கேதான். 3 லட்சத்துக்கு நகைக்கடன் வாங்கி, வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 36,000 ரூபாய். நோட்டில் ஏறும் மொய் உங்களுக்கு வந்த வருமானம் ஆகாது. அது செய்முறை, அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடத்துகிறவர்கள் இதை வட்டியில்லாக் கடனாகவே மதித்து, நோட்டைப் பார்த்துத் திருப்பிச் செய்கிறார்கள். அந்தப் பணத்தில் நகையை மீட்டால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கியதாகத்தான் ஆகும். அதனால் முதலில் உங்கள் வீட்டுப் பழைய மொய் நோட்டுகளை எடுத்து வையுங்கள். நீங்கள் வெளியே செய்து இன்னும் திரும்பி வராத தொகை எவ்வளவு என்று கூட்டுங்கள். நம்பி எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவுதான். (வரி விஷயம் ஒன்று: நெருங்கிய உறவினர் தருவதற்கு வரி கிடையாது. மற்றவர்கள் தருவது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும். திருமணப் பரிசுக்கு உள்ள விலக்கை அறுபதாம் கல்யாணத்துக்கு நம்பியிருக்க வேண்டாம்.)

பலர் கவனிக்காத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அறுபதாம் கல்யாணம் பிறந்த மாதமும் நட்சத்திரமும் பார்த்து வருவது. அது முகூர்த்த நாளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அன்றைக்கு மண்டபம் சும்மாதான் கிடக்கும் என்றால் முகூர்த்த நாள் வாடகையை ஏன் கொடுக்க வேண்டும்? துணிந்து குறைத்துக் கேளுங்கள். சமையல்காரரிடமும் அப்படியே.

வாடகையோடு மண்டபச் செலவு முடிவதில்லை. கரண்ட், ஜெனரேட்டர் டீசல், கேஸ் சிலிண்டர், துப்புரவு என்று கடைசியில் தனியாக ஒரு பில் வரும். இவற்றை முன்பண ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இலைக் கணக்கில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பேசும்போது சற்றுக் குறைத்தே பேசுங்கள். 150 என்று ஒத்துக்கொண்டு 110 பேர் வந்தால் 150க்கும் பணம் கேட்பார்கள். பந்திக்குப் பந்தி இலையை எண்ண உங்கள் வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும்.

கையில் உள்ள 1 லட்சத்துக்குள் சின்ன மண்டபமாகப் பார்த்து முடிக்கப் பாருங்கள். கொஞ்சம் கூடினால் நீங்களும் தம்பியும் சம்பளத்தில் போட்டுக்கொள்ளும் அளவுக்குள் நிற்கட்டும். திருக்கடையூருக்குப் போய்ச் செய்வதும் நல்ல வழிதான். ஆனால் வயதான அத்தைமார் அவ்வளவு தூரம் வர முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வளைகாப்புக்கு மண்டபம் பிடித்து 15,000 முன்பணம் கொடுத்தோம். இரண்டு மாதம் முன்பே வேண்டாம் என்று சொல்லியும் பணத்தைத் தர மறுக்கிறார்கள். ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருக்கிறது.
– வாசகர், கரூர்

பதில்: அந்த ஒரு வரியைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். அதே தேதிக்கு மண்டபம் வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்று விசாரியுங்கள். போயிருந்தால் அவர்களுக்கு நஷ்டமே இல்லை என்று வாதாட உங்களுக்கு இடம் உண்டு. முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். ரசீதையும், நீங்கள் ரத்து செய்ததைக் காட்டும் வாட்ஸ்அப் செய்தியையும் இப்போதே பிரதி எடுத்து வையுங்கள்.