பழைய ரஷ்ய ரைபிள் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

கால்கரிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, கூட வேலை பார்க்கும் கனடாக்காரர் ஒருவர் சனிக்கிழமை துப்பாக்கி சுடக் கூப்பிடுகிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரஷ்ய ரைபிள்கள் நாலைந்து வைத்திருக்கிறார். பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) மட்டுமே உள்ள நான் போகலாமா? பிடித்துப்போனால் ஒன்று வாங்கலாமா? நாளைக்குக் குடியுரிமைக்குச் சிக்கல் வருமா? வீட்டில் பயப்படுகிறார்கள்."

தாராளமாகப் போங்கள். உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால், உரிமம் இல்லாதவரும் அவருடைய ரைபிளைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. தோட்டாவுக்கு ஆன காசை நீங்கள் கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பார், ஆனாலும் கொடுங்கள். ஒன்று மட்டும்: கல்லூரி என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ என்ற சின்ன ரைபிள் சுட்ட தைரியத்தில், அவர் வைத்திருக்கும் மோசின் என்ற ரஷ்ய ரைபிளைக் கையில் எடுக்காதீர்கள். அதன் அடிக்கட்டையில் ரப்பர் கிடையாது, வெறும் இரும்புத் தகடுதான். தோள் குழியில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் மறுநாள் சட்டை மாட்டுவதே பெரும்பாடு.

வாங்குவது வேறு கதை. அதற்கு பி.ஏ.எல். என்கிற, துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவுமான உரிமம் வேண்டும். குடிமகனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு ஒன்று. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தேறவேண்டும். பிறகு கனடாவின் மத்திய போலீஸான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பம். முதல் முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் இன்னும் இழுக்கும். விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. கையெழுத்து இல்லையென்றால் அவருக்கு நேரடியாகவே தகவல் போகும். ஆகவே வீட்டில் சொல்லாமல் வாங்கி ஒளித்துவைக்கும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

உரிமம் எடுத்ததால் குடியுரிமைக்கு எந்தப் பாதகமும் வராது. பாதகம் வருவது கவனக்குறைவால். துப்பாக்கியை அலட்சியமாக வைத்திருப்பது இங்கே குற்றவியல் சட்டத்திலேயே வருகிறது, அபராதம் கட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. குற்றப்பதிவு விழுந்தால் குடியுரிமை விண்ணப்பம் தடைப்படலாம். மோசின் மாதிரி போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ளுவது) விதி எளிதுதான்: தோட்டா இல்லாமல், விசைக்குப் பூட்டுப் போட்டு வைக்கலாம்; பூட்டிய பெட்டியில் வைக்கலாம்; போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்தாலும் போதும். சின்னப் பிள்ளை உள்ள வீடு என்றால் நான் இந்த மூன்றையும் சேர்த்தே செய்யச் சொல்வேன்.

சரி, எதை வாங்குவது? முதல் துப்பாக்கி என்றால் மோசின் 91/30. ரஷ்ய அதிகாரி மோசின் வடிவமைத்தது. பெல்ஜியத்து நகான்டின் பங்கும் அதில் உண்டு. 1891-இல் ஜார் ராணுவம் ஏற்றுக்கொண்டது, 1930-இல் சோவியத் அரசு கொஞ்சம் திருத்தியது. மொத்தத்தில் மூன்றரைக் கோடிக்கு மேல் செய்தார்கள். போர் முடிந்ததும் பழுது பார்த்து, புதிதாக அரக்கு பூசி, காஸ்மோலின் என்ற கிரீஸில் முக்கிக் கிடங்குகளில் அடுக்கிவைத்தார்கள். சோவியத் யூனியன் உடைந்த பின் அவைதான் கப்பல் கப்பலாக இங்கே வந்தன. ஒரு காலத்தில் 200 டாலருக்குள் கிடைத்தது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து வரத்தும் இல்லை, அந்த விலையும் இல்லை. கையில் இருப்பதைத்தான் ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்கிறார்கள்.

வாங்கும்போது குழலின் பின்பகுதியைப் பாருங்கள். நட்சத்திரத்துக்குள் அம்பு இருந்தால் துலா தொழிற்சாலை, முக்கோணத்துக்குள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க். பக்கத்திலேயே வருஷம் இருக்கும். 1942, 43 என்றிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், கடைசல் தடங்கள் அப்படியே தட்டுப்படும். ஜெர்மன்காரன் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில் யார் உட்கார்ந்து பாலிஷ் போடுவார்கள்! எனக்கு அந்த முரட்டு ரைபிள்கள்தான் பிடிக்கும். 1930-களின் அறுகோண ரிசீவர் (போல்ட் உட்காரும் உடற்பகுதி) அழகுதான், ஆனால் அதற்குக் கேட்கிற விலை எனக்குக் கட்டாது.

குழல், போல்ட், மேகஸின் (தோட்டா அறை) மூடி, அடித்தகடு நான்கிலும் ஒரே எண் இருந்தால் "எல்லாம் ஒரிஜினல்" என்று விற்பவர் கூடுதல் விலை சொல்வார். நம்பிவிடாதீர்கள். பழுது பார்த்த கிடங்கிலேயே பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் பொறித்தது ஏராளம். எண்ணைவிடக் குழலின் உட்புறம் முக்கியம். விளக்கு பிடித்துப் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் கூர்மையாக, குழி விழாமல் இருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் துப்பாக்கி பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டி ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி) அளந்து கொள்வதும் நல்லது.

சுட்டால் குறி ஒரு பக்கம் போகிறதே என்று குழம்புவீர்கள். 91/30-க்குக் குறி சரிபார்த்ததே பயனெட்டை (குழல் முனையில் மாட்டும் கத்தி) மாட்டிவைத்துத்தான். அதைக் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறிவிடும். குழல் முனையில் குறி பார்க்க வைத்திருக்கும் முன் சைட்டைத் தட்டி நகர்த்திச் சரிசெய்யலாம். உயரமாகப் போனால், மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையைத் துண்டாக வெட்டி முன் சைட்டின் ஊசிமேல் செருகிக்கொள்வார்கள். ஊசி உயர்ந்தால் குண்டு இறங்கும். பைசா செலவில்லாத வைத்தியம்.

எஸ்.கே.எஸ். என்ற இன்னொரு ரஷ்ய ரைபிளையும் உங்கள் கனடா நண்பர் காட்டுவார். சிமோனோவ் வடிவமைத்தது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். சுட இன்பமாக இருக்கும். பத்துத் தோட்டா பிடிக்கும் மேகஸினை இங்கே ஐந்துக்குக் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும், அதைச் சரிபாருங்கள். 2020 மே மாதம் 1,500 வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தபோது இது தப்பியது. ஆனால் இதன் தலைக்கு மேலும் கத்தி தொங்குகிறது என்ற பேச்சு ஓயவில்லை. வாங்கும் அன்றைக்குச் சட்டநிலை என்ன என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். இன்னொரு விஷயம்: இதில் பெரும்பாலானவற்றில் ஃபயரிங் பின்னை (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் கம்பி) பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டுக்குள் பழைய கிரீஸ் இறுகியிருந்தால் அந்தக் கம்பி முன்னே ஒட்டிக்கொண்டு, விசையைத் தொடாமலே வெடிக்கலாம். போல்ட்டை முழுக்கப் பிரித்துக் கழுவாமல் ஒரு தோட்டாகூடப் போடக்கூடாது.

கழுவுவது என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தப் பொழுதுபோக்கில் பாதி நேரம் அதற்குத்தான் போகும். பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் முதலில் பற்றும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் உண்டு. வெடித்த பின் குழலுக்குள் உப்பு தங்கும். அந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, மெரினா ஓரத்து ஜன்னல் கம்பி மாதிரி அரிக்க ஆரம்பிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றி, கெட்டிலில் கொதித்த நீரைப் புனல் வைத்துக் குழலின் பின்பக்கம் வழியாக ஊற்றுங்கள். குழல் சூடாகிவிடுவதால் ஈரம் தானே காய்ந்துவிடும். பிறகு துணித்துண்டு விட்டுத் துடைத்து, எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் மறக்கக்கூடாது. ஜனவரியில் வெளியே மைனஸ் இருபதில் சுட்டுவிட்டு வந்தால், ரைபிளைப் பையிலிருந்து உடனே எடுக்காதீர்கள். வீட்டுச் சூட்டில் இரும்பெல்லாம் வியர்த்துவிடும். பையோடு வைத்து, அறைச்சூட்டுக்கு வந்த பிறகு எடுத்துக் கழுவுங்கள்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ்காரர் தோளிலும் வங்கிக் காவலாளி கையிலும் பார்த்ததோடு சரி. முதல் தடவை மனைவியையும் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் மைதானத்துக்கு, அழைத்துப் போங்கள். தாத்தா பாட்டி வயதில் உள்ளவர்கள் ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்து காகிதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் படம் போடுவதை மட்டும் தள்ளிவையுங்கள். மாமாக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது.

அப்புறம், ரேஞ்சுக்கென்று தனியாக ஒரு பை, தனியாக ஒரு ஜாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஊருக்குப் போகும்போது எடுக்கவே கூடாது. பையின் மூலையில் தங்கிவிட்ட ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் வந்துவிட்டது என்று அங்கே புரியவைப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும்.