யூதப் பண்டிகைப் படக்கதைகள்: சிறுவர் நூலகரிடம் கேளுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் மழலையர் பள்ளி ஆசிரியை நான். வகுப்புக்கு ஐந்து புத்தகம் வாங்கக் கடைக்குப் போனால் எல்லாமே ஹனுக்கா! வேறு பண்டிகையே இல்லையா?

பதில்: நிறைய இருக்கின்றன. கிறிஸ்துமஸை ஒட்டி வருவதால் அமெரிக்கக் கடைகளில் ஹனுக்காவுக்கு மவுசு. சமயக் கணக்கில் அது சின்னப் பண்டிகைதான். அதற்கு ஒன்று போதும். மற்றவை ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு), சுக்கோத், பூரிம், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் பெசாக் (பாஸ்கா) என்று இருக்கட்டும். சுக்கோத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளியே குடில் போட்டு, தழையால் கூரை வேய்ந்து, ஒரு வாரம் அதற்குள் சாப்பிடுவார்கள். நாலு வயதுக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: நான் யூதர் இல்லை. புத்தகத்தில் இருப்பது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: படங்களே காட்டிக்கொடுத்துவிடும். ஹனுக்கா விளக்கில் ஒன்பது சுடர் வேண்டும்: எட்டு இரவுக்கு எட்டு, அவற்றை ஏற்றும் ‘ஷமாஷ்’ ஒன்று. ஏழு கிளை என்றால் அது பழைய ஜெருசலேம் ஆலயத்து விளக்கு. பெசாக் விருந்து மேஜையில் உப்பிய ரொட்டி வரைந்திருக்கிறார்களா? புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அந்த நாட்களில் புளித்த மாவுக்கு வீட்டிலேயே இடமில்லை, மட்ஸா என்னும் புளிக்காத தட்டை ரொட்டி மட்டும்தான். இன்னொன்று: எல்லாக் குடும்பமும் ஐரோப்பிய முகமாகவே இருந்தால் யோசியுங்கள். மொராக்கோ, யேமன், எத்தியோப்பியா, நம் கொச்சி என்று யூதர்கள் பல ஊர்க்காரர்கள்.

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. பெசாக் கதையில் எகிப்தியர்மேல் கடவுள் ஏவிய பத்து வாதைகள், தலைச்சன் பிள்ளைகளின் சாவு எல்லாம் வருகிறதே?

பதில்: இப்போது வேண்டாம். விருந்து இரவைச் சொல்லும் கதையாகப் பாருங்கள்: வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்வி கேட்பதும், ஒளித்துவைத்த மட்ஸாத் துண்டைத் தேடுவதும் அவளுக்குப் பிடிக்கும். தவளை வாதை வரை போகலாம். வாதைகளை வேடிக்கையாக்கும் புத்தகங்களும் உண்டு, எனக்கு அவை ஒப்பவில்லை. அந்த விருந்திலேயே ஒவ்வொரு வாதைக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு திராட்சை ரசத்தைக் குறைக்கிறார்கள், எகிப்தியர் பட்ட துயரை எண்ணி.

கேள்வி: இரண்டு வயதுப் பையன், தாளைக் கிழிக்கிறான்.

பதில்: கெட்டி அட்டைப் புத்தகம், பூரிம் கதை, கையில் ஒரு கிலுகிலுப்பை. யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட வில்லன் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் சத்தம் போடட்டும். ஜெப ஆலயத்திலும் அதைத்தான் செய்கிறார்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்குமா?

பதில்: யூதக் குழந்தைகளை வளர்க்கும் குடும்பம் என்றால், இலவசமாகப் புத்தகம் அனுப்பும் பிஜே லைப்ரரி திட்டத்தில் பதியுங்கள். 2005-இல் மாசசூசெட்ஸில் தொடங்கியது. புத்தகம் வீட்டுக்கே வரும். பள்ளிகள், யூத வாழ்வைச் சொல்லும் சிறுவர் நூல்களுக்கான சிட்னி டெய்லர் விருதுப் பட்டியலை வைத்துக்கொண்டு பொது நூலகத்தில் தேடலாம்.