எந்த டிஸ்க் என்று முதலில் எழுதுங்கள்!

கே: விண்டோஸ் 11 லேப்டாப், எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்). ஷிஃப்ட் டெலீட் கொடுத்து ஒரு ஃபோல்டர் போய்விட்டது. நாலு நாள் ஆகிறது. மீட்கலாமா? - ஓசூர் வாசகர்

ப: அநேகமாக முடியாது. டெலீட் கொடுத்த கையோடு 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் ட்ரிம் கட்டளை அனுப்பிவிடும். அப்புறம் அங்கே படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் கிடைக்கும். மின்சாரம் இருந்தால் போதும், எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் தன் போக்கில் பிளாக்குகளைத் துடைத்துக்கொண்டே இருக்கும். 2009-ல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்து இதே கதைதான். கிளவுடில் நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கைத் தவறுதலாக குவிக் ஃபார்மட் செய்துவிட்டேன். - நாமக்கல் வாசகர்

ப: பெரும்பாலும் வந்துவிடும். அதில் எதையும் எழுதாதீர்கள். ஆனால் எஸ்.எம்.ஆர். வகை (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றிலும் ட்ரிம் உண்டு. மாடல் எண்ணை எழுதாமல் உறுதி கேட்காதீர்கள்.

கே: அழித்த படங்களை மீட்க ஒரு சாஃப்ட்வேர் இறக்கினேன். பாதிப் படங்கள் திறக்கவில்லை. சாஃப்ட்வேர் மோசமா? - கரூர் வாசகர்

ப: எந்த டிஸ்க், எங்கே இன்ஸ்டால் செய்தீர்கள், ஒன்றும் எழுதவில்லை. ஹார்ட் டிஸ்க் என்றே வைத்துக்கொள்கிறேன். அதே டிஸ்க்கில்தானே இன்ஸ்டால் செய்தீர்கள்? மீட்ட படங்களையும் அங்கேயே சேமித்திருப்பீர்கள். மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வந்துவிடுகிறது! ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைல், அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரைதான் பிழைத்திருக்கும். நீங்கள் இறக்கிய சாஃப்ட்வேரே படங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். பிரவுசரைத் திறந்தாலே கேஷ் எழுதும், அப்டேட் வந்தால் சில ஜி.பி. போகும். சரி, இப்போதாவது அணைத்து, டிஸ்க்கைக் கழற்றுங்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி டி.டி.ரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் சாஃப்ட்வேர் கொண்டு முழு நகல் எடுங்கள். அந்த நகலில் ஃபோட்டோரெக் என்ற மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டுங்கள். மீட்டது மூன்றாவது டிஸ்க்குக்குப் போகட்டும். கடைக்காரர் 'செக் டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் சார்' என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பிழை திருத்தும் அந்த விண்டோஸ் கருவியும் அதே டிஸ்க்கில்தான் எழுதும்.

கே: ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம். ஃப்ரீசரில் வைக்கலாமா? - தேனி வாசகர்

ப: மீன் வைக்கிற இடம் அது. டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டில் ஈரம் படிந்தால் மிச்சமும் போகும். அணைத்துவிட்டு, தூசி புகாத சுத்த அறை வைத்திருக்கும் லேபில் கொடுங்கள்.

கே: பழைய எஸ்.எஸ்.டி.யை விற்கிறேன். 35 முறை மேலெழுதினால் போதுமா? - புதுச்சேரி வாசகர்

ப: 35 என்பது 1996-ல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் அன்றைய ஹார்ட் டிஸ்க்குகளுக்குச் சொன்ன கணக்கு. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கே ஒரு முறை போதும். எஸ்.எஸ்.டி.யிலோ அது தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் உபரி பிளாக்குகளை உங்கள் எழுத்து எட்டவே எட்டாது. தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் (முழு டிஸ்க்கையும் துடைக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு விற்றுவிடுங்கள்.