டே கேருக்குப் போக மிச்சம் எவ்வளவு?

கேள்வி: ஏழு வருடம் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகன் பிறந்ததும் வேலையை விட்டேன். அவனுக்கு இப்போது இரண்டரை வயது. கிண்டியில் ஒரு வேலை வந்திருக்கிறது. கையில் 30,000 ரூபாய் வரும். டே கேருக்கு 12,000 கேட்கிறார்கள். மற்ற செலவும் போனால் பாதிகூடத் தேறாது. ‘இதுக்கு எதுக்கு வேலைக்குப் போகணும்?’ என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
– வாசகி, வேளச்சேரி

பதில்: அந்த 12,000 ரூபாயை உங்கள் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே? ஒரு தாளில் இருவர் சம்பளத்தையும் கூட்டி எழுதுங்கள். வாடகை, மளிகை, கரண்ட் பில்லோடு டே கேரையும் அதற்குக் கீழே போடுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் தம்பதிகளை முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். தாள் நிரம்புவதற்குள் பாதிப் பேச்சு தானாக மாறிவிடும்.

அப்புறம், விட்டுப்போகும் செலவுகள். டே கேரில் சேர்க்கைக் கட்டணம் உண்டா, மாலை தாமதமானால் மணிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு ஓடும் காலையில் அந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்க முடியாது. பாதி நாள் ஆட்டோதான். டே கேர் போன புதிதில் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் தண்ணீர் நின்றால் டே கேரையும் மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் யார் லீவு போடுவது? இதைக் கணவரோடு இப்போதே பேசி முடியுங்கள். எல்லா லீவும் உங்கள் தலையில் விழுந்தால் வேலை நிலைக்காது.

வரவுப் பக்கத்திலும் விட்டுப்போனவை உண்டு. கணவன், மனைவிக்கு இங்கே வருமான வரி தனித்தனி. உங்கள் சம்பளத்தால் அவர் வரி ஏறாது. இந்தத் தொகைக்கு உங்களுக்கும் வரி வராது. பிஎஃப்பில் உங்களுக்கு 12 சதவீதம் பிடித்தால் நிறுவனமும் அதே அளவு போட வேண்டும். பழைய பிஎஃப் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பென்ஷன் என்ற பத்தியில் தொகை ஏறியிருந்து, அதை நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தால், அந்த ஏழு வருடமும் கணக்கில் நிற்கிறது. பென்ஷனுக்குப் பத்து வருடப் பணிக்காலம் வேண்டும்; இன்னும் மூன்றுதான் பாக்கி. வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணுக்கு யுஏஎன் என்று பெயர்; புது நிறுவனத்தில் உங்கள் பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள்.

அந்த நிறுவனத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்களா? அப்படியென்றால் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் திருத்தம் வந்தது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் இடம் உண்டு. சேருவதற்கு முன்பே எச்ஆரிடம் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

முழுநாள் டே கேர் எத்தனை நாளைக்கு? அடுத்த வருடம் பையன் எல்கேஜி போனால் மாலை நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். வேலையில் விழும் இடைவெளியோ வருடத்துக்கு வருடம் நீளும். கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டி விதியும் மென்பொருளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாதம் பத்தாயிரம் மிஞ்சினாலும் போங்கள் என்பதுதான் என் கருத்து.

ஆனால் டே கேர் மனதுக்குச் சரிப்பட வேண்டும். சொல்லாமல் ஒரு நாள் மாலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆயா இருக்கிறார், ஈர ஜட்டியோடு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, அழும் பிள்ளையை ஆயா தூக்குகிறாரா, டிவி முன் உட்கார வைக்கிறாரா என்று கவனியுங்கள். திருப்தியானால், வேலையில் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேளுங்கள். முதல் வாரம் நீங்களும் உடனிருந்து தினம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் அரை நாள் என்று அவனைப் பழக்குங்கள்.